பக்கத்துல நின்னவங்க பாடின பாட்டு

நடுவர் ஐயாவுக்கும் வந்திருக்கற எல்லாருக்கும் வணக்கம். சோர்ந்துபோன விசுவாசியைத் தூக்கி நிறுத்துறது பிரசங்கமா பாட்டான்னு தலைப்பு, நான் பாட்டுதான்னு பேச வந்திருக்கேன், இது யாரோ ஒதுக்கிக் குடுத்த அணி இல்ல, நானே கேட்டு வாங்கினது.

எனக்கு முன்னாடி பேசின எதிரணி சகோதரர், விசுவாசம் கேள்வியினாலே, அதாவது காதால கேக்கறதால, வரும்னு ரோமர் 10:17-ல ஆரம்பிச்சு, பாட்டுங்கறது வெறும் உணர்ச்சி, கண்ணீர் காய்ஞ்சா அதுவும் போயிடும், பிரசங்கம்தான் போதிக்கும்னு முடிச்சார். வசனம் சத்தியம், மறுக்க மாட்டேன். ஆனா அந்த வசனத்தை எழுதின அதே பவுல் கொலோசெயர் 3:16-ல சங்கீதத்தாலயும் கீர்த்தனையாலயும் ஞானப்பாட்டாலயும் ஒருத்தருக்கொருத்தர் போதிச்சு புத்தி சொல்லிக்கணும்னு எழுதறாரே. போதிக்கறதுன்னே சொல்றார் ஐயா! பக்கத்துல நிக்கறவங்க பாடறதைக் காது குடுத்துக் கேக்கறதும் கேள்விதானே?

பவுல் வாழ்க்கையில ரெண்டு நடுராத்திரி இருக்கு. துரோவாங்கற ஊர்ல நடுராத்திரி வரைக்கும் பிரசங்கம் பண்றார், ஜன்னல்ல உக்காந்திருந்த ஐத்திகுங்கற வாலிபன் தூங்கி மூணாம் மாடியில இருந்து விழுந்துட்டான். அவனைக் குறை சொல்லல, பவுலையும் சொல்லல, களைச்ச மனுஷனால ஒரு அளவுக்கு மேல கேக்க முடியாது, அவ்வளவுதான். இன்னொரு ராத்திரி பிலிப்பி ஜெயில், முதுகெல்லாம் அடி, கால் தொழுமரத்துல மாட்டியிருக்கு, அங்க பவுலும் சீலாவும் ஜெபம் பண்ணிப் பாடறாங்க, மத்த கைதிங்க அதைக் கேட்டுக்கிட்டு இருந்தாங்கன்னு அப்போஸ்தலர் 16:25 சொல்லுது. பூமி அதிர்ந்து ஜெயில் கதவு திறந்தது அப்புறம்தான், பாட்டு முதல்ல.

உணர்ச்சின்னு சொன்னதுக்கும் பதில் சொல்லிடறேன். 88-ம் சங்கீதத்தை எடுத்துப் பாருங்க, கடைசி வரியும் இருட்டுலயே முடியுது, அதையும் பாடறதுக்குன்னுதான் குடுத்திருக்காங்க. ஜெர்மனியில ஐலன்பர்க் ஊர்ல மார்ட்டின் ரிங்கார்ட்னு ஒரு போதகர், முப்பதாண்டுப் போர் காலம், 1637-ல கொள்ளைநோய் வந்து அந்த ஒரே வருஷத்துல 4,000 பேருக்கு மேல அடக்கம் பண்ணினார், அவரோட மனைவியும் அதுல ஒருத்தர். அந்தப் போர்க் காலத்துல அந்த மனுஷன் எழுதினது ஒரு நன்றிப் பாட்டு. அவர் எத்தனையோ பிரசங்கம் பண்ணியிருப்பார், அதுல ஒண்ணாவது இங்க யாருக்காவது தெரியுமா? அந்தப் பாட்டை மட்டும் கிட்டத்தட்ட 400 வருஷமா பாடிக்கிட்டே இருக்காங்க.

இப்ப என் விஷயத்துக்கு வரேன். எங்க பிள்ளையைப் பிறந்த மூணாம் நாள் அடக்கம் பண்ணினோம். வந்தவங்க எல்லாரும் சரியான வசனம்தான் சொன்னாங்க, எதுவும் உள்ள இறங்கல, ஜெபம் பண்ண உக்காந்தா வாயே வரல, மாசக்கணக்குல அப்படித்தான். ஆராதனைக்கு மட்டும் போவேன், பாட்டுப் புஸ்தகத்தை மூடியே வச்சிருப்பேன். ஒரு நாள் பக்கத்துல நின்ன வயசான அம்மா, என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல, அவங்க புஸ்தகத்தை என் பக்கமா நீட்டி, நகம் வெடிச்ச விரலை ஒவ்வொரு வரிக்கும் கீழ நகர்த்திக்கிட்டே பாடினாங்க. குரல் கரகரன்னு இருந்துச்சு, சுதியும் சேரல. முதல் சரணம் பூரா நான் விரலை மட்டும்தான் பார்த்தேன். ரெண்டாவதுல உதடு அசைஞ்சுது. மூணாவது சரணத்துல என் குரல் எனக்கே கேட்டுச்சு. அந்தப் பாட்டுல இருந்த நம்பிக்கை அன்னைக்கு என்கிட்ட இல்ல ஐயா, அவங்ககிட்ட இருந்துச்சு, எனக்கும் சேர்த்து அவங்க பாடினாங்க. சுத்தி நின்ன சபையும் பாடிச்சு. பிரசங்கத்துல போதகர் ஒருத்தர் பேசுவார், நாம கேப்போம், அது வேணும்தான், ஆனா வாயடைச்சுப் போனவன் பக்கத்துல நின்னு அவனோட பங்கையும் சேர்த்துச் சொல்ல பாட்டுலதான் இடம் இருக்கு.

சில வருஷம் கழிச்சு அந்த அம்மா படுத்த படுக்கையாயிட்டாங்க, பேச்சு போயிடுச்சு. பார்க்கப் போனேன், என்ன பேசறதுன்னு தெரியல, அதே பாட்டை மெதுவாப் பாடினேன். கண்ணைத் திறக்கல. போர்வை மேல கிடந்த அவங்க விரல் மட்டும் வரி வரியா நகர்ந்துச்சு, சரணம் முடியற வரைக்கும்.