பக்கத்து சீட்டுல இருந்தவன் சாட்சி

நடுவர் அவர்களே, சபையோரே, வணக்கம், வணக்கத்துலயே ஒரு நிமிஷம் போயிடும்ங்கறதால நேரா விஷயத்துக்கு வரேன். ஸ்போர்ட்ஸ் கார் எஞ்சின் போச்சுன்னா பொறுப்பு ஓட்டுனவருக்குத்தான், கம்பெனிக்கு இல்ல. இதான் எங்க அணி.

எனக்கு முன்னாடி பேசுன எதிரணி தம்பி என்ன சொன்னாரு? "அண்ணனுக்கு காரைப் பத்தி என்ன தெரியும், பக்கத்து சீட்டுலயே உக்காந்து பழகுனவரு"ன்னாரு. நீங்களும் கை தட்டுனீங்க, பாத்தேன், யார் யாருன்னு குறிச்சும் வச்சிருக்கேன். ஆமா தம்பி, நான் பக்கத்து சீட்டுதான்! ஓட்டுறவன் ரோட்டைப் பாப்பான், பக்கத்துல உயிரைக் கையில பிடிச்சிட்டு இருக்கறவன்தான் மீட்டரைப் பாப்பான். எஞ்சின் எப்படி போச்சுன்னு ஓட்டுனவன்கிட்ட கேட்டா கதை வரும், என்கிட்ட கேட்டா நம்பர் வரும்.

நம்பர் சொல்றேன். என் நண்பன், ரேஸ் டிராக், மூணாவது கியர், ஆர்பிஎம், அதாவது எஞ்சின் நிமிஷத்துக்கு சுத்துற சுத்து, 7,500. அடுத்து நாலு. நேரா கீழ இழுக்க வேண்டிய லீவரை லேசா இடது பக்கம் சாய்ச்சு இழுத்தான் பாருங்க, விழுந்தது ரெண்டு! கிளட்ச்ச விட்டதும் முள்ளு எங்கயோ போய் முட்டிருச்சு, கணக்குப்படி 10,000த்துக்கு மேல. எஞ்சின் அளவுக்கு மீறி சுத்தாம தடுக்கற ரெவ் லிமிட்டர் தூங்குச்சான்னு கேக்காதீங்க, அது பெட்ரோலைத்தான் நிறுத்தும், சக்கரமே எஞ்சினைப் பிடிச்சு சுத்துறப்ப அது என்ன பண்ணும் பாவம்? வால்வு மூடுறதுக்குள்ள பிஸ்டன் மேல வந்துருச்சு, வால்வு வளைஞ்சுது, டமார். இதுக்கு ஓட்டுறவங்க வச்ச பேரே மணி ஷிப்ட்டுங்க, மணின்னா இங்கிலீஷ்ல காசு, மாறுறது கியர் இல்ல, பர்ஸு.

இனிமேதான் கதையே. வண்டிய இழுத்துட்டு வந்தவர்கிட்ட சொன்னான், "வேகமா போனேன், ஏதோ சத்தம்." சர்வீஸ் சென்டர்ல, "மெதுவாதாங்க போனேன், ஏதோ சத்தம்." வீட்ல, "நின்னுட்டு இருந்தப்பவே சத்தம்." இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா கவர் போட்டு தூங்கிட்டு இருந்தப்ப சத்தம்னிருப்பான்! சர்வீஸ்காரர் ஒண்ணும் பேசல, லேப்டாப்ப சொருகுனாரு. போர்ஷே 997ங்கற பழைய மாடல்லயே ஓவர்ரெவ்வை, அதான் எஞ்சின் அளவு மீறி சுத்துனதை, ஆறு ரேஞ்சா பிரிச்சு, எஞ்சின் ஓடுன எத்தனாவது மணி நேரத்துலன்னு சேத்து எழுதி வச்சிருக்கும், இந்த வண்டியும் எழுதி வச்சிருந்துச்சு. அவரு திரும்பி என்னைப் பாத்து, "சார், நீங்க பக்கத்துலதான இருந்தீங்க?" நான் சீலிங்கப் பாத்தேன், நல்ல சீலிங்குங்க.

சரி, 2014 போர்ஷே 911 ஜிடி3 காரைப் பத்தி தம்பி கத்துனாரே, எஞ்சினுக்குள்ள பிஸ்டனைப் பிடிச்சிருக்கற கனெக்டிங் ராடு ஸ்க்ரூ லூசாகி ரெண்டு கார் எரிஞ்சுதுன்னு. உண்மைதான், மறுக்கல. ஆனா கம்பெனி என்ன பண்ணுச்சு? யாரும் ஓட்டாதீங்கன்னு சொல்லி 785 காருக்கும் எஞ்சினையே மாத்திக் குடுத்துச்சு. தப்பு எங்களோடதுன்னு அவங்க ஒத்துக்கிட்டாங்க, நம்மாளு ஒத்துக்கிட்டானா?

ஒத்துக்கிட்டான் நடுவர் அவர்களே. அன்னிக்கு ராத்திரி போன் பண்ணான், ரொம்ப நேரம் பேசவே இல்ல, அப்புறம், "என் கைதான்டா, எனக்கு அப்பவே தெரியும், பத்து வருஷம் ஆசைப்பட்டு வாங்குனதுடா, ஒரு நொடியில நானே..."ன்னு சொல்லிட்டு நிறுத்திட்டான். வாரண்டி கேக்கவே இல்ல. கடன் வாங்கி எஞ்சினை சரி பண்ணான்.

போன வாரம் அதே கார், அவன் பையன் முன்னாடி, நான் இப்ப பின் சீட்டு, தம்பி சந்தோஷப்படலாம். ஆயில் சூடாகற வரைக்கும் 3,000த்த தாண்டவே மாட்டேங்கறான். பையன் சொல்றான், "அப்பா, ஸ்கூட்டர் நம்மள ஓவர்டேக் பண்ணுதுப்பா." இவன் டேஷ்போர்டை ஒரு தடவு தடவிட்டு சொன்னான், "போகட்டும்டா, இது இன்னும் முழிக்கல."

மணி அடிச்சிட்டீங்க, உக்காந்துடறேன்.