தெவிட்டிய கரைசல்: தண்ணீருக்கும் திகட்டுமா?

[காட்சி: கண்ணாடி டம்ளரில் தண்ணீர், பக்கத்தில் தூள் உப்பு]

வணக்கம். இந்த டம்ளரில் 100 கிராம் தண்ணீர். உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்குகிறேன். கரைகிறது, கரைகிறது... ஏறக்குறைய 36 கிராம் உள்ளே போயாச்சு. இனி கை வலிக்கக் கலக்கினாலும், போடுவது அடியில் வெள்ளையாகத் தங்கிவிடுகிறது.

இதற்குப் பள்ளிப் புத்தகம் வைத்த பெயர், தெவிட்டிய கரைசல்.

தேர்வுக்கு மனப்பாடம் செய்த காலத்தில் இந்தச் சொல்லை நான் யோசித்ததே இல்லை. கல்யாணப் பந்தியில் மூன்றாவது ஜாங்கிரி வரும்போது, "போதும், திகட்டுது" என்று இலையைக் கையால் மறைப்போமே, அந்தத் திகட்டல்தான் தெவிட்டல். ஆங்கிலத்தின் 'சாச்சுரேட்டட்' சொல்லுக்கு வேர், லத்தீன் மொழியின் 'சத்துர்'. வயிறு நிறைந்தவன் என்று பொருள். ஆக, அங்கேயும் சாப்பாட்டுப் பேச்சுதான்!

இலங்கைப் பாடநூல்களில் இது நிரம்பிய கரைசல். அதுவும் சரிதான். ஆனால் என் ஓட்டு 'தெவிட்டிய'வுக்கே. ஏன் என்று பாருங்கள்.

[காட்சி: அதே உப்புத் தண்ணீரில் ஒரு ஸ்பூன் சர்க்கரை]

உப்பு போதும் என்ற அதே தண்ணீர், சர்க்கரையைக் கரைத்துக்கொள்கிறது. பாயசம் திகட்டியவர் ஊறுகாயைத் தொட்டுக்கொள்வது மாதிரி. நிரம்பிய குடத்தில் இது நடக்காது.

அடியில் கிடக்கும் உப்பு சும்மா இருப்பதாக நினைக்காதீர்கள். கரைகிற அளவுக்கே மறுபடி படிந்துகொண்டும் இருக்கிறது. வரவும் செலவும் சமம், அதனால் நமக்குத் தெரிவதில்லை.

சரி, சூடாக்கினால்? உப்பு பெரிதாக அசைந்துகொடுக்காது. கொதிக்கும் தண்ணீரிலும் 40 கிராமைத் தொடாது. சர்க்கரை அப்படியில்லை. அறை வெப்பநிலையில் சுமார் 200 கிராம், கொதிநிலையில் 480-ஐத் தாண்டும். அந்தச் சூடான பாகை அலுங்காமல் ஆறவிட்டால், சில சமயம் அளவுக்கு மீறிய சர்க்கரை உடனே பிரியாமல் உள்ளேயே நிற்கும். அது அதிதெவிட்டிய கரைசல். ஒரு சிறு படிகத்தை உள்ளே போட்டால் போதும், மிச்சம் அதன்மேல் வந்து ஒட்ட ஆரம்பித்துவிடும்.

[காட்சி: பாதி உறைந்த தேன் பாட்டில்]

தேன் அந்த ரகம். நல்ல தேனில் தண்ணீர் பெரும்பாலும் 20 விழுக்காட்டுக்கும் குறைவு, மற்றதெல்லாம் பெரும்பகுதி சர்க்கரை வகைகள். அதில் குளுக்கோஸ் மெல்லப் பிரிந்து படிகமாகிறது. உறைந்ததை மட்டும் வைத்துக் கலப்படம் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் வையுங்கள், இளகிவிடும்.

'தெவிட்டாத தேன்' என்கிறோம். வேதியியலைக் கேட்டால், அது அதிதெவிட்டியது!