எழுத்தை எண்ணியவர்கள்

வாசகர் வட்டத் தலைவர் ஐயா அவர்களே, இரண்டு முறை வீடு தேடி வந்து அழைத்த நூலகர் அம்மா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தமிழாசிரியப் பெருமக்களே, பந்தல் போட்ட தம்பிகளே, வணக்கம்.

யூதர்களின் வேதம் எப்படி நிலைபெற்றது என்று பேச வந்திருக்கிறேன். இரண்டு கேள்விகள். எந்த நூல்கள் வேதம் என்று எப்படி முடிவானது? எழுத்து எப்படி மாறாமல் நின்றது?

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள். கி.பி. 70இல் ரோமப் படை எருசலேம் ஆலயத்தை அழித்தது. பலிபீடம் போன பிறகு அந்த மக்களுக்கு நூல்தான் நிழல். யாவ்னே ஊரில் ஒரு மாநாடு கூடி வேத நூல்களின் பட்டியலை முடித்தது என்று முன்பு எழுதுவார்கள். இன்று ஆய்வாளர்கள் அதை ஏற்பதில்லை. வேதத்தின் முதல் ஐந்து நூல்களான தோரா அதற்கு வெகு முன்பே உறுதியாகிவிட்டது. பிரசங்கி, உன்னதப்பாட்டு போன்ற சில நூல்களில்தான் ரபிகள் எனும் யூத ஆசான்களுக்குள் வாதம் நீடித்தது.

எசேக்கியேல் நூலுக்கும் ஒரு கண்டம் வந்தது. அதன் சொற்கள் தோராவோடு முரண்படுகின்றன, ஒதுக்கிவைத்துவிடலாம் என்று பேச்சு எழுந்தது. அப்போது அனனியா பென் எசேக்கியா என்றொரு பெரியவர் என்ன செய்தார் தெரியுமா? ரபிகளின் விவாதங்களைத் தொகுத்த தால்மூத் நூல் சொல்கிறது: 300 குடம் எண்ணெய் கொண்டுவரச் சொன்னார். மாடி அறைக்கு ஏறினார். உட்கார்ந்தார். முரண்பட்ட இடம் ஒவ்வொன்றுக்கும் விளக்கம் கண்டுவிட்டுத்தான் எழுந்தார். 300 குடம், ஐயா! அந்த ஒரு மனிதர் இல்லையென்றால் அந்த நூல் மறைந்துபோயிருக்கும் என்கிறது தால்மூத்.

சரி, எழுத்துக்கு வருவோம். எபிரேயத்தில் பெரும்பாலும் மெய்யெழுத்தை மட்டும் எழுதுவார்கள். நம் ஏடுகளில் புள்ளி இல்லாமல் எழுதியதுபோல, படிப்பவர்தான் ஊகிக்க வேண்டும். கலிலேயாவின் திபேரியா ஊரில் இருந்த மசோரெத்தியர், அதாவது வேதப் பாடத்தைக் காத்த யூத அறிஞர்கள், உயிரொலிக் குறிகளைச் சேர்த்தார்கள். ஒரு சொல் வேதத்தில் எத்தனை முறை வருகிறது என்று ஓரத்தில் குறித்தார்கள். எழுத்துகளைக்கூட எண்ணினார்கள். அவர்களில் ஆரோன் பென் ஆஷேர் குறியிட்ட பிரதி, சுமார் 930ஆம் ஆண்டினது, பிற்காலத்தில் சிரியாவின் அலெப்போ நகர யூதத் தொழுகைக்கூடத்தில் நூற்றாண்டுகளாகப் பூட்டிக் காக்கப்பட்டது. படமெடுக்கவும் எளிதில் விடவில்லை. 1947 கலவரத்தில் அந்தக் கூடம் எரிந்தது. இன்று எருசலேமில் இருப்பது 295 தாள்கள் மட்டும். தோரா பெரும்பாலும் போய்விட்டது. போனவற்றில் சில பக்கங்களை யாரோ முன்பே படம் பிடித்திருந்ததால் அவை நமக்குத் தெரியும்.

நிழலின் அருமை வெயிலில் தெரியும். நான் மேடைக்கு மேடை கேட்பதை இங்கேயும் கேட்கிறேன். உங்கள் வீட்டுப் பரணில் தாத்தாவின் ஏட்டுக்கட்டு இருக்கிறதா? வைத்தியமோ, சோதிடமோ, அம்மானைப் பாட்டோ, எதுவாக இருந்தாலும் ஆற்றில் விடாதீர்கள், கரையானுக்குக் கொடுக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு இந்த நூலகத்துக்கே கொண்டுவாருங்கள். ஒவ்வோர் ஓலையாக இருபுறமும் படமெடுத்து, கட்டை உங்கள் கையிலேயே திருப்பித் தருகிறோம். நூலகர் அம்மா மேசை ஒதுக்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கேமரா நான் கொண்டுவருகிறேன்.