பெயரைப் பார்க்காதீர்கள், மிச்சத்தைப் பாருங்கள்

(அட்டனில் உயர்தர மாணவர்களுக்கான இரசாயனவியல் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மாணவச் செல்வங்களே, ஆசிரியப் பெருமக்களே, வணக்கம்.

சிறிதளவு அமிலமோ காரமோ சேர்த்தாலும் பீஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் எண்; குறையக் குறைய அமிலம் கூடும்) அதிகம் மாறாத கரைசலே தாங்கற் கரைசல். ஐந்து கலவைகளைத் தந்து, இவற்றுள் தாங்கற் கரைசல் எது என்று கேட்டால், பலர் உடனே உப்பின் பெயரைத் தேடுகிறார்கள். ‘மென்னமிலமும் அதன் உப்பும்’ என்ற மனப்பாடம் அப்படி. உப்பு கண்ணில் படாவிட்டால் அந்த விடையை வெட்டிவிடுகிறார்கள். இந்தப் பழக்கத்தோடுதான் எனக்குச் சண்டை.

0.10 மூல் அசற்றிக் அமிலத்தோடு 0.05 மூல் சோடியம் ஐதரொட்சைட்டைக் கலக்கிறோம். வினாவில் உப்பே இல்லை. ஆனால் ஐதரொட்சைட்டு முழுவதும் தாக்கமடைந்து தீர்ந்துவிடும். 0.05 மூல் அமிலம் மிஞ்சும், அதன் உப்பான அசற்றேற்று 0.05 மூல் பிறந்திருக்கும். தாங்கற் கரைசல்தான்! அதே அமிலத்தோடு 0.10 மூல் ஐதரொட்சைட்டைக் கலந்தால்? அமிலம் துளியும் இல்லை, அசற்றேற்று மட்டுமே. இது தாங்கற் கரைசல் அல்ல. போத்தல்கள் அவைதாம், அளவுதான் வேறு. ஆகவே முதலில் மூல் கணக்கு, பிறகு தீர்ப்பு.

ஐதரோகுளோரிக் அமிலமும் சோடியம் குளோரைட்டும் அமிலமும் உப்பும்தான். ஆனாலும் தாங்காது. குளோரைட்டு அயன் நீரில் புரோத்தனை (ஐதரசன் அயனை) ஏற்றுக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

தாங்குவது என்றால் எவ்வளவு? ஒரு லீற்றர் தூய நீரில் 0.01 மூல் ஐதரோகுளோரிக் அமிலத்தைச் சேர்த்தால் பீஎச் 7இலிருந்து 2க்கு விழும். அசற்றிக் அமிலமும் அசற்றேற்றும் தலா 0.10 மூல் உள்ள ஒரு லீற்றரில் அதையே சேருங்கள்: 4.76இலிருந்து 4.67. இரண்டின் விகிதம் பத்து மடங்குக்குள் இருக்கும்வரை இந்தத் திறன் நன்றாக இருக்கும்.

பாடத்திட்டத்துக்கு வெளியே ஒரு வார்த்தை. நாம் நிற்கும் மண்ணைப் பற்றியது என்பதால் சொல்கிறேன். தேயிலைக்கு உகந்தது ஏறத்தாழ 4.5 முதல் 5.5 வரையான பீஎச். அமோனியம் சல்பேற்றுப் பசளை தொடர்ந்து போட்டால் மண் மேலும் அமிலமாகும். அதைச் சரிக்கட்டத்தான் கவ்வாத்தை (செடியை வெட்டிவிடுவதை) ஒட்டித் தொலமைற்று என்ற சுண்ணக் கற்பொடியைப் போடுகிறார்கள். களியும் உக்கலும் மிகுந்த மண்ணில் கொஞ்சம் போட்டால் பீஎச் அசையாது. அவற்றின் பரப்பில் ஒட்டியிருக்கும் ஐதரசன், அலுமினிய அயன்கள் வெளியேறி, போட்ட மூலத்தை (காரத்தை) நடுநிலையாக்கிவிடும். இதுவும் ஒரு தாங்கல்தான். மணற்பாங்கான மண்ணில் அதே அளவுக்குப் பீஎச் சட்டென்று ஏறும். ஆகவே பீஎச் மானியின் எண்ணை மட்டும் வைத்து மூட்டைக் கணக்குப் போட முடியாது.

சரி, வினாத்தாளுக்குத் திரும்புவோம். சோடியம் இருகாபனேற்றும் சோடியம் காபனேற்றும் கலந்த கரைசல். இரண்டும் உப்பு, அமிலம் என்ற சொல்லே இல்லை. வெட்டிவிடாதீர்கள். இருகாபனேற்று அயனிடம் கொடுக்க ஒரு புரோத்தன் இருக்கிறது. அதைக் கொடுத்தால் அது காபனேற்று அயன். இங்கே அமிலம் இருகாபனேற்றுத்தான், அதன் இணைமூலம் காபனேற்று. பீஎச் 10ஐ ஒட்டித் தாங்கும்.