கடல்நீரைக் குடிநீராக்கினால் மிஞ்சும் உப்பு எங்கே போகிறது?

[காட்சி: வீட்டு ஆர்.ஓ. இயந்திரம். பின்பக்க ட்யூபிலிருந்து வாளியில் நீர் விழுகிறது.]

ஆர்.ஓ. இருக்கும் வீடுகளில் இந்த வாளியும் இருக்கும். நல்ல தண்ணீர் குடத்துக்கு. மிச்சம் வீடு துடைக்க. சென்னைக்கு வடக்கே, மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் 2010இல் திறந்த ஆலையிலும் இதே கதைதான். தினம் சுமார் 23.7 கோடி லிட்டர் கடல்நீர் உள்ளே போனால் 10 கோடி லிட்டர் குடிநீர் கிடைக்கும். மீதி 13.7 கோடி லிட்டர்?

அதில் வீடு துடைக்க முடியாது. வந்த உப்பு ஏறக்குறைய மொத்தமும் அதில்தான் நிற்கிறது. லிட்டருக்கு 35 கிராம் இருந்தது 60 கிராமாகிவிடும். உப்பை வடிகட்டும் சவ்வில் படிவு பிடிக்காமலிருக்கச் சேர்த்த ரசாயனத்தின் மிச்சமும் கொஞ்சம் இருக்கும்.

"உப்பளத்தில் பாய்ச்சலாமே?" நியாயமான கேள்விதான். நாளுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாகிறது என்றே வைத்துக்கொள்வோம். அன்றன்று வருவதைக் காயவைக்க 27 சதுர கிலோமீட்டர் பாத்தி வேண்டும். உப்பு ஏற ஏற ஆவியாவது மந்தமாகும். அப்புறம் ஐப்பசி, கார்த்திகை மழை வேறு! அதனால் கடலுக்கே திரும்புகிறது.

[காட்சி: கண்ணாடி டம்ளரில் தண்ணீர். சிவப்புச் சாயம் கலந்த உப்புக்கரைசலை ஓரமாக, மெதுவாக ஊற்றுகிறோம்.]

பாருங்கள், சிவப்பு கலக்கவில்லை. நேராக அடிக்குப் போய்ப் படுத்துக்கொண்டது. மேலே தெளிந்த நீர். கடலிலும் சும்மா திறந்துவிட்டால் இப்படித்தான் தரையோடு பரவும். மேலிருந்து ஆக்சிஜன் இறங்குவது குறையும். நண்டு, சிப்பி, கடற்புல் எல்லாம் இருப்பது அந்த அடியில்தான்.

[காட்சி: அதே கரைசலைச் சிரிஞ்சில் ஏற்றி, டம்ளரின் அடியிலிருந்து மேல்நோக்கிப் பீய்ச்சுகிறோம். நீர் முழுக்க வெளிர் ரோஸ்.]

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குத் தெற்கே, க்வினானாவில் 2006இல் வந்த ஆலை செய்வது இதைத்தான். கழிவுக்குழாயின் கடைசி 160 மீட்டரில் வரிசையாக 40 வாய்கள். ஒவ்வொன்றும் 60 டிகிரி சாய்வில் மேல்நோக்கிப் பீய்ச்சும். 50 மீட்டர் தாண்டுவதற்குள் 45 மடங்காவது நீர்த்துப்போக வேண்டும் என்பது கணக்கு. கழிவு போய் விழும் காக்பர்ன் சவுண்ட் என்ற கடற்பகுதி ஆழம் குறைந்தது, பாதி அடைபட்டது; அலை பார்த்துக்கொள்ளும் என்று விட முடியாத இடம். ஆலை தொடங்கிய சமயத்தில் கழிவில் சாயம் கலந்து, அது போகும் வழியை அளந்தார்கள். நம் டம்ளர் சோதனைதான், கொஞ்சம் பெரிய டம்ளர்!

ஒரு விஷயம்: முதல் டம்ளரின் மேல்நீரை மட்டும் சோதித்திருந்தால் 'உப்பு கூடவில்லை' என்றுதான் முடிவு வரும். "கடல்நீரைச் சோதித்துவிட்டோம்" என்று எந்த ஆலை சொன்னாலும் நான் முதலில் கேட்பது, எந்த ஆழத்தில் எடுத்தீர்கள் என்பதைத்தான்.