ஒரு வருஷ டிசைன் ப்ராஜெக்ட்கள், ஒரே அட்டைப்பெட்டியில்

எல்லாருக்கும் வணக்கம். கிராபிக் டிசைன் படிப்பில் முதல் வருஷம் முடிந்துவிட்டது. அந்த வருஷம் மொத்தமும் இதோ, இந்த அட்டைப்பெட்டிக்குள் இருக்கிறது. ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறேன். சிலதைக் காட்டக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

முதலில் லோகோ. கற்பனையான ஒரு புத்தகக் கடைக்குச் செய்தது. திறந்த புத்தகத்திலிருந்து ஒரு பறவை கிளம்புகிறது, சிறகில் மெல்லிய கோடுகள், மூன்று நிறம். திரையில் பெரிதாக வைத்துப் பார்த்தால் அழகுதான். பிரவுசர் டேபில் வருகிற 16 பிக்சல் அளவுக்குச் சுருக்கியதும் பறவையைக் காணோம். ஏதோ பூச்சி நசுங்கிய மாதிரி ஒரு புள்ளி. அன்றிலிருந்து லோகோவை முதலில் கறுப்பு வெள்ளையில், கட்டைவிரல் நக அளவில்தான் வரைகிறேன். சரி, இது போதும்.

அடுத்து போஸ்டர். கண்ணைப் பறிக்கிற நீலம் ஒன்று போட்டிருந்தேன். அச்சாகி வந்தபோது துவைத்துத் துவைத்து வெளுத்த சட்டை நிறம். திரை சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒளியைக் கலந்து நிறம் காட்டுகிறது. அச்சில் சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என நான்கு மைகள்தான். திரையில் மின்னுகிற சில நிறங்கள் அந்த மைகளுக்கு எட்டவே எட்டாது. வகுப்பில் இதைக் குறிப்பெடுத்துத்தான் இருந்தேன், ஆனால் கையில் வந்த பிறகுதான் உறைத்தது. சுவரில் மாட்டி விமர்சனம் சொல்லும்போது பாதிப் பேர் "நல்லா இருக்கு" என்றார்கள். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஒருவர் மட்டும், "இதில் முதலில் எதைப் படிக்கணும்?" என்று கேட்டார். தலைப்பு, தேதி, இடம் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருந்தன. அந்த ஒரு கேள்வியில் போஸ்டரே விழுந்துவிட்டது.

எழுத்தமைப்புப் பயிற்சியில் வேறு கூத்து. 'தேடல்' என்று தமிழில் பெரிய தலைப்பு. ஏகாரக் கொம்பு 'த' எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. லேஅவுட் மென்பொருளில் தமிழ் போன்ற எழுத்துகளைச் சரியாகக் கோர்க்கிற 'வேர்ல்ட் ரெடி கம்போசர்' அமைப்பை நான் தேர்ந்தெடுக்கவில்லை, அவ்வளவுதான் விஷயம். வரி இடைவெளியும், எழுத்து 10 பாயின்ட் என்றால் வரிக்கு 12 பாயின்ட் என்று தானாக அமைந்தபடியே கிடந்தது. மேல் வரியின் 'மு', 'டு' எழுத்துகளில் கீழே நீளும் பகுதிகள் கீழ் வரியின் 'கி', 'தி' எழுத்துகளின் மேல் வளைவுகளில் போய் இடித்தன. இப்போது தமிழுக்கு வரி இடைவெளி 15 பாயின்ட் வைத்துவிட்டுத்தான் வேலையையே தொடங்குகிறேன்.

இப்போது இதைப் பாருங்கள், கேமராவுக்குப் பக்கத்தில் காட்டுகிறேன். இந்த வருஷத்தில் குறைந்த மதிப்பெண் வாங்கியது இந்தச் சிறு புத்தகம். எனக்கு ரொம்பப் பிடித்ததும் இதுதான். நான் முதலில் 30 பக்கம் செய்திருந்தேன். நடுவில் மடித்து ஸ்டேப்ளர் பின் அடிக்கிற புத்தகத்தில் ஒரு தாள் என்றால் 4 பக்கம், ஆகவே மொத்தம் 4இன் மடங்காக இருந்தே தீரவேண்டும். இரண்டு பக்கம் சேர்த்து 32 ஆக்கினேன். அப்புறம் திரையில் தெரிந்தபடியே 2, 3 பக்கங்களைச் சேர்த்து ஒரே தாளில் அச்சடித்தேன். மடித்துப் பார்த்தால் கதை 2இலிருந்து 5க்குத் தாவுகிறது! தாளில் 2க்குப் பக்கத்தில் வரவேண்டியது 31. 1க்குப் பக்கத்தில் 32. எந்தப் பக்கத்தை எடுத்தாலும் அதோடு சேர்ந்து வரும் எண்ணைக் கூட்டினால் 33 வரும். இதைக் கண்டுபிடித்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் மதிப்பெண் போனது வேறிடத்தில். எட்டுக் கெட்டித் தாள்களை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து மடித்தால் உள்ளே இருக்கும் தாள் கொஞ்சம் வெளியே துருத்தும். ஓரத்தை வெட்டும்போது அது கூடுதலாக வெட்டுப்படும். நானோ பக்க எண்களை விளிம்பிலிருந்து 2 மில்லிமீட்டரில் வைத்திருந்தேன், ஸ்டைலாக இருக்குமே என்று. 1ஆம் பக்கத்தில் எண் முழுசாக இருக்கிறது. நடுப்பக்கத்துக்கு வாருங்கள். 16இல் 1ஐக் காணோம், வெறும் 6. எதிரே 17இல் 7 போய்விட்டது. ஆக 6ஆம் பக்கமும் 1ஆம் பக்கமும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கின்றன.

திரையில் எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்திருந்தாலும் இது என் கண்ணில் பட்டிருக்காது. வெற்றுத்தாளை மடித்து, பென்சிலால் எண் போட்டு ஒரு டம்மி செய்திருந்தால் பத்து நிமிஷத்தில் தெரிந்திருக்கும்.

அடுத்த வருஷம் முதல் ப்ராஜெக்ட் பேக்கேஜிங். இன்னும் லேப்டாப்பைத் திறக்கவில்லை. வெள்ளை அட்டையை வெட்டி இந்தப் புதுப் பெட்டியைச் செய்தேன். மூடியில் 'மேல்' என்று எழுதியிருந்தேன். மடித்ததும் பாருங்கள், தலைகீழாக நிற்கிறது. இருங்கள், பிரித்துவிட்டு மறுபடி வெட்டுகிறேன்.