கடைசி மனிதனை முதலில் எழுதியவர்

[திரை இருட்டாக இருக்கிறது. தண்ணீர்ச் சத்தம் மட்டும்.]

1805 பிப்ரவரி 1. வடக்கு பிரான்சில் ஆமியான் என்ற ஊர். விடிய இன்னும் வெகு நேரம் இருக்கிறது. 58 வயதுக்காரர் ஒருவர் சோம் கால்வாயில் விழுந்து உயிரை விட்டார். அவர் எழுதி முடித்திருந்த நாவல் அதே ஆண்டில் அச்சாகி வந்தது; வாங்கத்தான் ஆளில்லை.

அவர் பெயர் கூசான் து கிரான்வில். பாதிரியாராக இருந்தவர், பிரெஞ்சுப் புரட்சி வந்ததும் அங்கியைக் கழற்றி, கல்யாணம் செய்து, பள்ளிக்கூடம் நடத்திப் பிழைத்தவர். நாவலின் பெயர் 'கடைசி மனிதன்'.

உலகம் அழிகிற கதை எல்லா மதத்திலும் உண்டே, இதில் என்ன புதுசு?

[வெடித்துக் கிடக்கும் வயல்]

அழிவு வரும் விதம்தான். இங்கே மண் சத்து வற்றிப் போகிறது. அப்புறம் குழந்தை பிறப்பது நின்றுவிடுகிறது. ஐரோப்பாவில் கடைசியாகப் பிறந்தவன் ஒமெகாரஸ். ஒமேகா கிரேக்க எழுத்துகளில் கடைசி. பெயரிலேயே கதை முடிந்துவிட்டது. பிள்ளை பெறக்கூடிய ஒரே பெண் சிடேரியா பிரேசிலில் இருக்கிறாள். அவளைத் தேடி அவன் ஆகாயக் கப்பலில் பறக்கிறான். மனிதன் பலூனில் ஏறி 22 வருஷம்தான் ஆகியிருந்தது!

இந்த இடத்தில் கிரான்வில்லுக்குள் இருந்த பழைய பாதிரியார் விழித்துக்கொள்கிறார். அவர்களைப் பிரித்துவைக்கக் கடவுள் ஆதாமை அனுப்புகிறார். ஆதாமுக்கு ஏற்கெனவே ஒரு தண்டனை: நரக வாசலில் நின்றுகொண்டு, தன் வம்சத்துப் பாவிகள் உள்ளே போவதை யுகயுகமாகப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். புத்தகத்தில் இழுவையான பக்கங்கள் நிறைய. ஆனால் அந்த வாசல் படித்தவர் மனதை விட்டுப் போகாது.

[பழைய புத்தக அட்டைகள்]

1806இல் ஆங்கிலத்தில் வந்தது, எழுதியவர் பெயரே இல்லாமல். 20 வருஷம் கழித்து, பிராங்கன்ஸ்டைனை எழுதிய மேரி ஷெல்லி அதே தலைப்பில் ஒரு நாவல் எழுதினார். அவர் உலகத்தை அழித்தது கொள்ளைநோயால். கடவுளும் ஆதாமும் அந்தக் கதைக்குத் தேவைப்படவில்லை. 1894இல் வானியலாளர் கமீல் பிளமாரியோன் எழுதிய 'உலகத்தின் முடிவு' நாவலில், வறண்டுபோன பூமியில் மிஞ்சும் ஆண் பெயர் ஒமேகார். கடன் வாங்கியதை அவர் மறைக்கக்கூட இல்லை.

[ஆமியான், இன்று. கால்வாய் ஓரம்.]

ஆமியானுக்கு வருகிறவர்கள் வேறொரு எழுத்தாளரின் வீட்டைப் பார்க்கத்தான் போகிறார்கள்: அறிவியல் கதைகளுக்குப் பேர்போன ஜூல்ஸ் வெர்ன். அவரும் இதே ஊரில்தான் காலமானார், 1905 மார்ச்சில். கிரான்வில் போய் 100 வருஷமும் சில வாரமும் ஆகியிருந்தன.

[மறுபடி தண்ணீர்ச் சத்தம்]